பீமிலிருந்து மூன்று மீட்டர்

தலைமை நடுவர் என் கேமராவின் மேல் காதை வைத்தார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"எடுங்க," என்றார்.

"எடுத்துட்டேன் மேடம். இருபது படம்."

கண்ணைத் திறந்தார். "இருபதா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"இது மிரர்லெஸ் மேடம். உள்ள கண்ணாடியே கிடையாது. மேல போய்க் கீழ வர ஒண்ணும் இல்லாததால சத்தமும் இல்ல."

அவர் தலையாட்டிவிட்டு, பச்சை நிற வட்ட ஸ்டிக்கர் ஒன்றை உரித்து என் சட்டைப் பையின் மேல் ஒட்டினார். பிறகு என் பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பினார். அவர் வைத்திருந்தது பத்து வருடப் பழைய டிஎஸ்எல்ஆர். அழுத்தியதும் உள்ளே இருக்கும் கண்ணாடி தடதடவென்று அடித்துக்கொண்டது. ஜிம்னாஸ்டிக்ஸ் அரங்கின் மறுகோடியில் மெத்தைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

"இது கேமராவா, தையல் மெஷினா?"

"டைப்ரைட்டர்னு சொல்லுவாங்க மேடம். கேமராவ இல்ல, என்னை."

நடுவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டார். டைப்ரைட்டருக்குச் சிவப்பு ஸ்டிக்கர். ஓடிவந்து மேசையைத் தாண்டும் வால்ட்டுக்கும் தரைப் பயிற்சிக்கும் எவ்வளவு வேண்டுமானாலும் தட்டலாம். பீம் நடக்கும்போது மட்டும் கேமரா மடியில் இருக்க வேண்டும். மற்றவற்றுக்குப் பாட்டோ ஓட்டமோ கைதட்டலோ இருக்கும். பீமுக்கு ஒன்றும் கிடையாது. மார்புயர மரக்கட்டை, அகலம் பத்து சென்டிமீட்டர், அதன் மேல் ஒரு பெண், சுற்றிலும் அமைதி.

"ஆகட்டும் மேடம்," என்றார் டைப்ரைட்டர். "எனக்கும் ஒரு பத்து நிமிஷம் வேடிக்கை பாத்த மாதிரி இருக்கும்."

போகத் திரும்பிய நடுவரின் பார்வை என் வலது தோளுக்கு வந்தது. "அது என்ன, இன்னொண்ணு தொங்குது?"

"என் பழைய கேமரா மேடம். டிஎஸ்எல்ஆர். வால்ட்டுக்கு மட்டும்தான். பீம் அப்ப தொடமாட்டேன்."

"தொடமாட்டீங்க."

"தொடமாட்டேன் மேடம்."

அவர் அதை நம்பினார். என்னை நம்பாமல் இருக்க அவருக்கு எந்தக் காரணமும் இல்லை.

அந்த மிரர்லெஸ் என்னுடையதில்லை. என் மச்சினன், மனைவியின் தம்பி, கேமரா கடையில் விற்பனையாளன். ஒரு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கடையிலிருந்து எடுத்து வந்து கொடுத்தான். நான் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்துக்குப் படம் எடுப்பவன். அலுவலகத்தில் எல்லாக் கேமராக்களையும் மாற்றலாமா என்ற பேச்சு வந்தபோது, முடியாது என்று மேசையைத் தட்டிச் சொன்னது நான்தான். நின்றுகொண்டு சிரிக்கிறவர்களை எடுக்க மிரர்லெஸ் போதும், ஓடுகிறவர்களையும் தாவுகிறவர்களையும் எடுக்கப் போதாது என்றேன். ஐந்து பேர் முன்னால் சொன்ன பேச்சு அது. சொன்ன பிறகு அது கருத்தாக இருப்பதை விட்டுவிட்டு என் மானமாக ஆகிவிட்டது.

"மாமா, நீங்க எடுத்துப் பாக்காமயே திட்டறீங்க," என்றான் மச்சினன். "பொண்ணு பாக்காமயே வேண்டாம்னு சொல்ற மாதிரி."

"உன் அக்காவப் பாத்துட்டுத்தான் சரின்னு சொன்னேன். என்ன ஆச்சு பாத்தியா?"

"இருங்க, அக்காகிட்ட சொல்றேன்."

அவன் எனக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தான். இது ஓடுகிறவரின் கண்ணையே பிடித்துக்கொண்டு தொடரும், ஒரு நொடிக்கு இருபது படம் எடுக்கும், பழையது ஒன்பதுதான் எடுக்கும். நான் பேப்பர் படித்துக்கொண்டே உம் கொட்டினேன். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் தெரிவது நிஜம் இல்லை, குட்டி டிவி என்பதுதான் என் புகார். பழைய கேமராவில் கண்ணை வைத்தால் கண்ணாடி வழியாக எதிரில் இருப்பதே தெரியும். பேட்டரி செத்தாலும் தெரியும்.

"குட்டி டிவியா? சரி மாமா, அந்த டிவிய எப்படி எழுப்பறதுன்னாவது கேட்டுக்குங்க," என்றான் அவன். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

அது தேர்வுப் போட்டி. வெளிநாடு போகும் அணிக்கு நான்கு பெண்கள். மதியம் மூன்று கருவிகள் முடிந்து பீமுக்கு வந்தபோது பதினேழாம் எண் பெண் மூன்றாம் இடத்தில் இருந்தாள். பதினைந்து வயது இருக்கலாம். முழங்காலில் தோல் நிறத்தில் ஒரு பட்டை சுற்றியிருந்தாள். காத்திருக்கும்போது யாரோடும் பேசாமல், கண்ணை மூடிக்கொண்டு, கைகளை மட்டும் அசைத்துத் தன் பயிற்சி முழுவதையும் நின்ற இடத்திலேயே செய்து பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கத்தில் நீந்துகிறவளைப் போல இருந்தது.

பச்சை ஸ்டிக்கருக்குக் கிடைத்த இடம் பீமின் முனையிலிருந்து மூன்று மீட்டர். டைப்ரைட்டரையும் அங்கேயே உட்காரவிட்டார்கள், கேமரா மடியில் இருக்கிறதே என்று. அவர் அதன் மேல் இரண்டு கைகளையும் கோத்து வைத்துக்கொண்டு, தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்போல் உட்கார்ந்திருந்தார்.

அவளுக்கு முந்தைய பெண்ணின் மதிப்பெண்ணில் ஏதோ தகராறு. நடுவர்கள் தலைகளைச் சேர்த்துப் பேசினார்கள். ஐந்து நிமிடம் போயிருக்கும். பிறகு பச்சை விளக்கு எரிந்தது. பதினேழாம் எண் ஏறினாள். ஒரு சுற்று, ஒரு தாவல். பீமில் எங்கள் பக்கத்து முனைக்கு வந்து, எங்களைப் பார்த்தபடி நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தினாள். அடுத்தது பின்பக்கமாகப் பாய்வது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

மிரர்லெஸை உயர்த்திக் கண்ணில் வைத்தேன். இருட்டு.

முழு இருட்டு. அது தூங்கிப்போயிருந்தது. ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் பேட்டரியை மிச்சப்படுத்தத் தானாக அணைந்துகொள்ளும். ஷட்டரை லேசாக அழுத்தினால் விழித்துக்கொள்ளும். அரை நொடி வேலை. எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

என் வலது கை தானாகவே கீழே போனது. பழைய கேமராவின் பிடி உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. கண்ணில் வைத்தேன், அவள் தெளிவாக இருந்தாள், கண்ணாடி வழியாக, நிஜமாக. அந்த நொடியில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்ததை மறைக்க மாட்டேன். பார்த்தாயா, நான் சொன்னேனே என்பது மாதிரி ஒரு சந்தோஷம். அழுத்தினேன்.

அந்த அமைதியில் அது தகரக் கூரையில் கல் மழை விழுந்ததுபோல் கேட்டது.

ஒன்பது படங்கள். அவள் பாய்ந்தாள், ஒரு கால் பீமில் பட்டது, மற்றது படவில்லை. இடுப்பு மரத்தில் மோதி, மெத்தையில் பக்கவாட்டில் விழுந்தாள். அரங்கில் எல்லோரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். எனக்குள் இருந்த ஏதோ ஒன்று அதற்குள் பழைய கேமராவைத் தோளுக்கு இறக்கி, மிரர்லெஸை இரண்டு கைகளிலும் ஏந்தியிருந்தது. அதை நான் யோசித்துச் செய்யவில்லை. யோசிக்காமல் செய்ததுதான் இன்றைக்கும் என்னைக் கூசவைக்கிறது.

அவள் எழுந்து, மீண்டும் ஏறி, மிச்சத்தைச் செய்து முடித்தாள். இறங்கி வந்து பயிற்சியாளரிடம் ஏதோ சொன்னாள். பயிற்சியாளர், கழுத்தில் விசில் போட்ட ஒல்லியான பெண், நேராகத் தலைமை நடுவரிடம் போனார். இரண்டு பேரும் எங்களிடம் வந்தார்கள்.

"கேமரா சத்தம் கேட்டுதுன்னு பொண்ணு சொல்லுது," என்றார் நடுவர். "எனக்கும் ஏதோ கேட்டுது. ஆனா நான் குனிஞ்சு எழுதிட்டிருந்தேன்."

அவர் என் ஸ்டிக்கரைப் பார்த்தார். பச்சை. காலையில் அவரே காதை வைத்துக் கேட்ட கேமரா, பழையதைத் தொடமாட்டேன் என்று நான் கொடுத்த வாக்கு. அவர் பார்வை என்னைத் தாண்டிப் போனது.

"நான் தொடல மேடம்," என்றார் டைப்ரைட்டர். "மடியிலயே இருக்கு."

"அப்ப யாரு?"

டைப்ரைட்டருக்குத் தெரியும். அவர் எனக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தார். முழங்கையால் அவர் தோளை இடித்துக்கொண்டுதான் பழைய கேமராவை நான் தூக்கினேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. வரிசையில் முன்னால் நிற்கும் ஆள் நகர்வதற்காகக் காத்திருப்பவரின் பார்வை.

நான் மிரர்லெஸின் லென்ஸ் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

"இங்க பாருங்க," என்றார் நடுவர். "வெளி இடையூறால விழுந்தாள்னு உறுதியானா அவ மறுபடி செய்யலாம். விதி அதுக்கு இடம் குடுக்குது. ஆனா பீம் சுற்று முடியறதுக்குள்ள நான் எழுதியாகணும். இன்னும் ரெண்டே பேர்தான் பாக்கி. எனக்கு யாராவது ஒருத்தர் சொல்லணும்."

பயிற்சியாளர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் பின்னால், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் யாரோ ஐஸ் பையை வைத்துப் பிடித்திருந்தார்கள். அடுத்த பெண் பீமில் ஏறிவிட்டாள். நான் சொல்லத்தான் போனேன். வாயைத் திறந்தேன் என்றுகூட நினைக்கிறேன். அதற்குள் நினைவில் அலுவலகம் வந்தது, மேசை வந்தது, ஐந்து பேர் வந்தார்கள், மச்சினனின் சிரிப்பு வந்தது. பீமில் இருந்த பெண் இறங்கினாள். கடைசிப் பெண் கையில் பவுடர் பூசிக்கொண்டாள்.

"நான்தான் மேடம்," என்றார் டைப்ரைட்டர்.

நடுவர் அவரைப் பார்த்தார். "இப்பதான் தொடலன்னீங்க."

"விரல் பட்டுடுச்சு. பயத்துல அப்படிச் சொல்லிட்டேன். தப்புதான். எழுதிக்குங்க, பொண்ணுக்கு நேரமாவுது."

நடுவர் எழுதினார். ஒரு வரி. பிறகு, "கேமராவ எடுத்துக்கிட்டு வெளிய போயிடுங்க. இந்த வருஷம் எந்தப் போட்டிக்கும் நீங்க வர வேண்டாம்," என்றார். டைப்ரைட்டர் பையை மூடினார். பெற்றோர்கள் சிலர் அவரை முறைத்தார்கள். ஒருவர், "வயசாச்சே தவிர அறிவு வரல," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். டைப்ரைட்டர் மெத்தைகளின் ஓரத்தை மிதித்துவிடாமல் பார்த்துப் பார்த்து நடந்து வெளியே போனார்.

பதினேழாம் எண் மறுபடி ஏறினாள். இந்த முறை நான் ஷட்டரில் விரலை வைத்தபடியே இருந்தேன். கேமரா விழித்திருந்தது. அவள் பாய்ந்தபோது அதன் சதுரக் கட்டம் அவள் கண்ணைவிட்டு நகரவே இல்லை. தலைகீழாக, காற்றில், பீமுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கை அகல வெளிச்சம். ஒரு சத்தமும் இல்லை. நான் எடுத்ததிலேயே சிறந்த படங்கள் அவை. அவள் நான்காவதாக அணிக்குள் வந்தாள்.

வெளியே வந்தபோது டைப்ரைட்டர் பேருந்து நிறுத்தத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே," என்றேன். 

"ஏறினாளா?"

"ஏறினா. நாலாவது."

"சரி."

"அண்ணே, நான் வந்து…"

"உனக்காக ஒண்ணும் பண்ணலப்பா. அந்தப் பொண்ணு உக்காந்திருந்தது. நீ லென்ஸ் மூடிய மாட்டி மாட்டிக் கழட்டிட்டிருந்த. வேற யாரு இருக்கா அங்க?" பேருந்து வந்தது. அவர் எழுந்தார். "வழி விடு, என் வண்டி."

வீட்டில் மச்சினன் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். படங்களைப் பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. கணினியில் போட்டதும் நாற்காலியில் துள்ளினான்.

"மாமா, இத மட்டும் ஆபீஸ்ல காட்டுங்க. அப்புறம் ஒருத்தன் வாயத் திறக்க மாட்டான். பழையதையும் போடுங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கலாம்."

"அதுல ஒண்ணும் இல்ல. வால்ட் மட்டும்தான்."

அவன் அதற்குள் கார்டைச் சொருகியிருந்தான். ஓடும் பெண்கள், தாவும் பெண்கள். கடைசியில் ஒன்பது படங்கள். அவன் ஒவ்வொன்றாக நகர்த்தினான். முதல் படத்தில் பதினேழாம் எண்ணின் கண்கள் பீமின் முனையில் இருந்தன. இரண்டாவதிலும் அங்கேயே. மூன்றாவதில் அவை நிமிர்ந்து நேராக லென்ஸைப் பார்த்தன. என்னை. ஐந்தாவதில் உடம்பு பாயத் தொடங்கியிருந்தது, கண்கள் மட்டும் இன்னும் என்னிடமே இருந்தன. ஒன்பதாவதில் முகம் தெரியவில்லை.

"இது பீம்ல எடுத்தது," என்றான். "வால்ட் மட்டும்தான்னு இப்பத்தான் சொன்னீங்க…"

"புதுசு தூங்கிடுச்சுடா. இருட்டா இருந்துது."

"லேசா அழுத்தினா முழிச்சுக்கும் மாமா."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொன்னேன்." அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முதல் நாளே சொன்னேன்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்தையும் கொஞ்சம் மழுக்கிக்கொண்டே வந்தேன். இப்போது போய்ச் சொன்னால் மறுபடி செய்தது செல்லாமல் போகும், அந்தப் பெண்ணின் இடம் பறிபோகும், அதனால் சும்மா இருப்பதுதான் நல்லது என்று முடித்தேன். சொல்லும்போதே அது எவ்வளவு வசதியான கவலை என்று எனக்குத் தெரிந்தது.

மச்சினன் எழுந்தான். கேமராவை அதன் பெட்டிக்குள் வைத்தான், வாரைச் சுருட்டி வைத்தான், மூடினான்.

"அவர் பேரு என்ன மாமா?"

எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடமாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். டைப்ரைட்டர் என்று மட்டும்தான் தெரியும்.

"அக்காகிட்ட நான் சொல்லமாட்டேன்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் காலை அரங்கின் அலுவலக அறைக்குப் போனேன். தலைமை நடுவர் டீ டம்ளரை மதிப்பெண் தாள்களின் மேல் கனத்துக்கு வைத்திருந்தார். நான் மடிக்கணினியைத் திறந்து ஒன்பது படங்களையும் காட்டினேன். ஒவ்வொன்றின் கீழும் நேரம் இருந்தது. அவர் மூன்றாவது படத்தில் வெகு நேரம் நின்றார்.

"அந்தப் பொண்ணோட இடத்துக்கு ஏதாவது ஆயிடுமா மேடம்?"

"ஒண்ணும் ஆகாது. இடையூறு இடையூறுதான். யார் பண்ணினாங்கங்கறது வேற கணக்கு." மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்பவே ஏன் சொல்லல?"

பதில் யோசித்து வைத்திருந்தேன். பேருந்தில் வரும்போது நன்றாகத்தான் இருந்தது. மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்தேன்.

"யாராவது ஒருத்தர் சொல்லணும்னு நான் கேட்டேன்," என்றார். "யாரோ ஒருத்தர் சொன்னாரு." பதிவேட்டைத் திறந்து முந்தைய நாள் வரியை அடித்துவிட்டு, என்னிடம் எதுவும் கேட்காமல் புதிதாக ஒரு வரி எழுதினார். வருடம் முழுவதும் எனக்கு அனுமதி இல்லை. அலுவலகத்துக்குக் கடிதம் வரும். "அவரு பொய் சொன்னதப் பத்தி நான் ஒண்ணும் எழுதல. இன்னைக்கு மதியம் பையன்களுக்குத் தரைப் பயிற்சி இருக்கு, வரச் சொல்லணும். நம்பர் இதுல இருக்கு. நீங்களே பேசுங்க."

"நானா மேடம்?"

"நீங்கதான். இங்கயே."

அவர் தொலைபேசியை என் பக்கம் திருப்பி வைத்தார். எண்ணை அழுத்தினேன். மூன்றாவது மணியில் ஒரு சிறுமியின் குரல்.

"அப்பா கடைக்குப் போயிருக்காரு. யாருன்னு சொல்லணும்?"

"அவர் பக்கத்துல உக்காந்து படம் எடுக்கறவன்னு சொல்லும்மா."

"ஓ, சத்தமே வராத கேமரா வச்சிருக்கற அண்ணாவா? அப்பா நேத்து பூரா அதத்தான் சொல்லிட்டிருந்தாரு. இருபது படம் எடுத்தா ஒண்ணு கூட கேக்காதாமே. நிஜமா?"

நடுவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேற என்னம்மா சொன்னாரு அப்பா?"

"வேற ஒண்ணும் சொல்லல. இனிமே கொஞ்ச நாள் வீட்ல இருப்பேன்னு சொன்னாரு. ஏன்னு கேட்டதுக்கு, கேமராவுக்கு ரெஸ்ட்டுன்னாரு." அவள் சிரித்தாள். "என்ன விஷயம்ணா? எழுதி வச்சுக்கறேன், சொல்லுங்க."

காகிதம் கிழியும் சத்தமும், பேனா மூடி கழலும் சத்தமும் கேட்டன. அவள் தயாராக இருந்தாள்.

"எழுதிக்கம்மா," என்றேன். "நேத்து அரங்கத்துல ஒரு பொண்ணு விழுந்துது. அதுக்குக் காரணம் உங்க அப்பா இல்ல."

"அப்பாவா? அப்பா என்ன பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணல. நான் பண்ணேன். அவர் தன் மேல போட்டுக்கிட்டாரு. நான் பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டிருந்தேன்."

மறுமுனையில் பேனா ஓடிக்கொண்டிருந்தது. அவள் எழுதிய வேகத்துக்கு நான் காத்திருந்தேன். பிறகு அது நின்றது.

"இருங்க," என்றாள். குரல் மாறியிருந்தது. "கடைசியில சொன்னத மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன்.